கேர் ஒஃப் துரை

ரூபியின் பாட்டன் பெயர் என்ன, பூட்டன் பெயர் என்ன, பூட்டனைப் பெற்றவள் ஜெர்மனியில் எந்த ஊரில் பிறந்தாள், எல்லாமே தடித்த காகிதத்தில் அச்சடித்து இருக்கிறது. ரூபி ஓர் அல்சேசன் நாய். அதை வளர்க்கிற ரோசலினுக்குத் தன் தாத்தாவின் பெயருக்கு மேல் ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள எந்தக் கந்தோரிலும் காகிதமும் கிடையாது. அதற்காக அவள் ரூபியின் மேல் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. பாவம், நாய் என்ன செய்யும்? ஆனால் அந்தக் காகிதத்தின் அடியில், உரிமையாளர் என்று போட்டிருக்கும் இடத்தில், யார் பெயர் இருந்தது என்று தெரிந்த அன்று அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, கதையைக் கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வரும்.

குருவிட்டையிலிருந்து மேலே ஏறுகிற பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்தில் கீனகஹதென்னத் தோட்டம் தொடங்குகிறது. கீழ்ப்பாதி ரப்பர், மேல்பாதி தேயிலை. ரோசலினுக்கு இப்போது நாற்பத்தேழு வயது. பதினெட்டு வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவள். கணவர் ஜூட் இறந்த பிறகு, தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் பங்களாவில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. அந்த வேலையோடு நாய்களும் சேர்ந்து வந்தன. குளிப்பாட்டுவது, உண்ணி பிடுங்குவது, சோறு பிசைந்து வைப்பது எல்லாம் அவள்தான். துரைசாணி அம்மா நாய்களைக் கொஞ்சுவதோடு சரி.

அந்தத் துரை இரண்டரை வருடத்துக்கு முன்னால் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். போகிற வாரம் ரோசலினைக் கூப்பிட்டு, பத்து மாதக் குட்டியாக இருந்த ரூபியின் சங்கிலியை அவள் கையில் கொடுத்தார்.

"இது ஒன்கிட்டதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. நீயே வச்சுக்கோ. பேர் மாத்துற ஃபோர்ம்ல நான் கையெழுத்து வச்சிட்டேன். மிச்சத்த கந்தோர்ல நிரப்பி கொழும்புக்கு அனுப்பிடு" என்றார்.

மனுஷன் நல்ல மனதோடுதான் கொடுத்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ரோசலின் அந்தப் படிவத்தைத் தோட்டத்து அலுவலகமான கந்தோருக்கு எடுத்துப் போய்ப் பெரிய கிளாக்கர் சுதர்சனிடம் கொடுத்தாள். தோட்டத்தில் இங்கிலீஷ் படிவம் என்றால் அப்படித்தான். பிறப்புப் பதிவா, அடையாள அட்டையா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா, எல்லாம் அவர் மேசைக்குத்தான் போகும். அவரும் ஒரே மாதிரித்தான் நிரப்புவார். ஆளின் பெயர், அதற்குக் கீழே "கேர் ஒஃப் சுப்பிரண்டன்", அதாவது துரையின் மேற்பார்வை, அதற்குக் கீழே தோட்டத்தின் பெயர். கடைசியில் துரையின் ரப்பர் முத்திரையை எடுத்து, கை பழகிய இடத்தில் நச்சென்று ஒரு குத்து. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு விலாசம் கிடையாது, வீட்டுக்கு இலக்கம் கிடையாது. இருநூறு குடும்பத்துக்கும் ஒரே விலாசம், துரைதான்.

இந்த விலாசம் ரோசலினின் வீட்டில் முன்பே ஒரு கொலை செய்திருக்கிறது. கொலை என்று சொல்வது கொஞ்சமும் கூடுதல் இல்லை. மகள் சரோனுக்குத் தாதிப் பயிற்சிக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்து, கந்தோர் மேசையின் இழுப்பறை லாச்சிக்குள் மூன்று வாரம் கிடந்தது. அது கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. "லீவு நாளுங்க வந்துருச்சு, கவனிக்கல" என்று சொன்னார்கள். சரோன் இன்று கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சட்டைக்குக் காலர் தைக்கிறாள்.

நாய் விஷயத்துக்கு வருவோம். படிவம் போய் இரண்டு மாதமாகியும் பதில் இல்லை. ரோசலின் இரண்டு தடவை கேட்டாள். "வந்தா சொல்றேன் அக்கா" என்றார் சுதர்சன். பிறகு அவளும் கேட்கவில்லை. புதிதாக வந்த துரை பங்களா ஆட்களைக் குறைத்தார். ரோசலின் மறுபடி பால்வாளியைத் தூக்கினாள். ரூபி நாலாம் இலக்க லயத்தில், ஆறாம் காம்பரா என்கிற ஒற்றை அறையில், அவள் கட்டிலுக்கடியில் வளர்ந்தது. அடுத்த காம்பரா விஜயகலா முதலில் பயந்தாள். பிறகு அவள் வீட்டுக் கருவாட்டுத் தலையெல்லாம் ரூபிக்குத்தான்.

போன வருடம் ரூபி ஒரு காரியம் செய்துவிட்டது. முள்ளம்பன்றியைத் துரத்திக்கொண்டு தேயிலை நாற்றுமேடைக்குள் பாய்ந்து, பத்துப் பன்னிரண்டு வரிசை நாற்றை மிதித்துத் துவைத்துவிட்டது. மறுநாளே கடிதம் வந்தது. அந்தக் கடிதம் மட்டும் லாச்சிக்குள் தூங்கவில்லை. காவல்காரன் கையில் லயத்துக்கே வந்து சேர்ந்தது. தமிழிலும் இங்கிலீஷிலும் தட்டச்சு செய்திருந்தார்கள். நாற்றுச் சேதத்துக்கு அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தும் விட்டார்கள். ரோசலின் கடிதத்தை நாலாக மடித்து மடு மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வயிற்றெரிச்சலில் வைத்தாள், அவ்வளவுதான்.

இந்த வருடம் ரூபிக்கு மூன்று வயது. இரத்தினபுரியில் கல் வியாபாரம் செய்யும் நுஹ்மானிடம் சீசர் என்று ஒரு அல்சேசன் இருந்தது. அதற்கும் கொழும்பில் உள்ள நாய் வளர்ப்போர் சங்கத்தில் பதிவு இருந்தது. மிருக வைத்தியர் சொல்லி, ரோசலின் ரூபியை அங்கே கொண்டு போனாள். பேச்சு எளிதாக முடிந்தது. பிறக்கிற குட்டிகளில் முதல் தெரிவு நுஹ்மானுக்கு, மற்றவை ரோசலினுக்கு. ஆனால் பதிவுக்குத் தாய், தகப்பன் இரண்டின் சான்றிதழும் வேண்டும்.

"ரூபிட சேர்ட்டிபிகேட்ட ஒருக்கா கொண்டு வாங்க. இல்லாட்டி குட்டிகளுக்குப் பேர் எடுக்கேலா. தெரு நாய்க்குட்டி மாதிரித்தான் போகும்" என்றார் நுஹ்மான்.

இணை சேர்ந்த நாற்பதாம் நாள் வைத்தியர் ஸ்கேன் செய்து ஆறு குட்டி என்றார். அன்று சாயங்காலமே ரோசலின் கந்தோருக்குப் போனாள். சுதர்சன் அலுமாரியைக் குடைந்து, பங்களா சாமான் கோப்புக்குள் இருந்து ஒரு நீளமான காகிதத்தை எடுத்து, இரண்டு நாளில் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அது வந்து இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது. வந்ததை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபத்தை விழுங்கிக்கொண்டு, காகிதத்தைப் பையில் வைத்து மறுநாள் இரத்தினபுரிக்கு பஸ் ஏறினாள்.

நுஹ்மான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து வாசித்தார். பாட்டன், பூட்டன், ஜெர்மனி எல்லாம் வந்தது. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"என்ன மொதலாளி?"

"இதுல ஓனர் எண்டு ஒங்கட பேர் இல்ல."

"பின்ன யாரு பேருங்க?"

"சுப்பிரண்டன், கீனகஹதென்னத் தோட்டம். ஒங்கட தொர."

ரோசலின் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நுஹ்மான் தேநீர் வரவழைத்தார். அவள் தொடவில்லை. பத்து மாதத்திலிருந்து வாயில் ஊட்டி வளர்த்த பிராணி. பங்களா வாசலில் ரூபி ஒரு நாள்கூடப் புது துரையைக் கண்டு வாலாட்டியதில்லை. அவருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது!

திரும்பி வந்து நேரே சுதர்சன் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"ஐயா, எம்பேர எழுதுனீங்களா இல்லையா?"

"எழுதுனேன் அக்கா, சத்தியமா எழுதுனேன். கேர் ஒஃப் போட்டு சீல் அடிச்சேன். எல்லா ஃபோர்முக்கும் அப்பிடித்தானே அடிக்கிறது? சீல் புது ஓனர் கையெழுத்து போடுற எடத்துல விழுந்துருச்சு. பழைய தொரைகிட்டயிருந்து புது தொரைக்கு மாறுதுன்னு கொழும்புல நெனச்சுட்டாங்க."

"சரி, வந்த ஒடனே பாத்தீங்கதானே? அப்ப ஏன் சொல்லல?"

சுதர்சன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவரும் இதே தோட்டத்தில், மூன்றாம் இலக்க லயத்தில் பிறந்தவர்தான்.

"தொர பேருல வந்த காயிதத்த நான் எப்பிடி அக்கா வெளிய குடுக்குறது? பங்களா ஃபைல்ல போட்டேன். வருசக் கணக்கெடுப்பு வந்தப்ப லிஸ்ட்லயும் சேர்த்துட்டேன்."

பட்டியலையும் காட்டினார். பங்களாச் சாமான்கள்: சாப்பாட்டு மேசை ஒன்று, நாற்காலி எட்டு, தண்ணீர் வடிகட்டி ஒன்று, நாய் ஒன்று, குடை தாங்கி ஒன்று. வடிகட்டிக்கும் குடை தாங்கிக்கும் நடுவில் ரூபி!

ரோசலினுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது, அதுவும் கோபத்தில்.

விஷயம் துரை காதுக்குப் போயிற்று. இரண்டு நாளில் அவரே கூப்பிட்டு அனுப்பினார். வயதில் ரோசலினைவிடப் பத்து வருடம் இளையவர். கத்துகிற ஆள் இல்லை, சிரித்த முகம். தோட்டத்துத் துரைமாருக்கு வருகிற தமிழில் பேசினார்.

"ரோசலின், நீ நாய நல்லா பாத்துக்கிட்டே. ரொம்ப சந்தோசம். குட்டி போட்டு பால் மறந்ததும் பங்களாவுக்கு கொண்டு வந்து விட்டுடு. பங்களாவுக்கு ஒரு நாய் வேணும்தான். ஒனக்கும் ஒரு குட்டி தாறேன்."

ஒனக்கும் ஒரு குட்டி தாறேன்! அவள் நாயின் வயிற்றில் இருக்கிற குட்டியை அவளுக்கே தானமாகத் தருகிறாராம். அதற்கு அவள் கும்பிட வேண்டுமாம். திட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

"அது என் நாய்ங்க தொரை" என்றாள் ரோசலின்.

"பேப்பர் அப்பிடி சொல்லல்லையே" என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார் துரை.

அன்றிலிருந்து ரோசலினுக்கு ஒரே நினைப்புத்தான். குட்டிகள் போனால் போகட்டும், ரூபியைக் கொடுப்பதில்லை. பழைய துரைக்குச் சரோன் போன் எடுத்துப் பார்த்தாள். அவர் நம்பர் மாறிப்போயிருந்தது. நுஹ்மான் ரோசலின் பெயரில் கொழும்புச் சங்கத்துக்கு எழுதினார். அதற்கு வந்த பதிலும் கேர் ஒஃப் துரை என்று கந்தோருக்குத்தான் வந்தது. உடைத்து வாசித்த பிறகுதான் அவள் கைக்குக் கிடைத்தது. உரிமையில் தகராறு இருப்பதாகத் தெரிகிறது, பதிவில் உள்ள உரிமையாளர் விட்டுக்கொடுத்துக் கடிதம் தந்தால் மாற்றலாம், இல்லாவிட்டால் வேறு ஆதாரம் வேண்டும், குட்டிகளைச் சோதிக்க ஒருவர் வருவார், அப்போது இரு தரப்பும் பேசலாம் என்று அதில் இருந்தது. துரையின் நாய் இல்லை என்று துரையே எழுதித் தர வேண்டுமாம்.

அறுபத்திரண்டாம் நாள் மத்தியானம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, ரூபி கட்டிலுக்கடியில் விரித்த பழஞ்சேலையைப் பிறாண்ட ஆரம்பித்தது. ரோசலின் வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்தாள். இருட்டுவதற்குள் ஆறு குட்டியும் வந்துவிட்டன. நாலு பெண், இரண்டு ஆண். கடைசிக் குட்டி மூச்சு விடாமல் கிடந்தது. அவள் அதைத் துணியில் சுற்றித் தேய் தேயென்று தேய்த்தாள். அது கீச்சென்று கத்தியபோது விஜயகலா கையைத் தட்டினாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பதுபோல் பூண்டுக் கஞ்சி வைத்துக்கொண்டு வந்திருந்தாள் அவள்.

"தலப்பிரசவம் ரோசலினக்கா. பச்ச ஒடம்பு. தொர பங்களாவுலயிருந்து கோழிக்கால் வருமாக்கும்?" என்றாள்.

"வரும். கூடவே சங்கிலியும் வரும்" என்றாள் ரோசலின்.

நாலாவது வாரம் சங்கத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். சிங்களக்காரர், காலில் சப்பாத்து, கையில் ஒரு கோப்பு. துரையும் ஜீப்பில் வந்துவிட்டார். பின்னால் பட்டியலை அக்குளில் இடுக்கிக்கொண்டு சுதர்சன். நுஹ்மானும் தன் தெரிவுக் குட்டியைப் பார்க்க வந்திருந்தார். நாலாம் இலக்க லயத்து வாசலில் அத்தனை பெரிய மனிதர்கள் ஒன்றாக நின்றது அதுதான் முதல் தடவை. கூரை ஒழுகுகிறது என்று ஐந்து வருடமாக எழுதிக் கொடுத்தும் எட்டிப் பார்க்காதவர்கள்!

பெண்மணி குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பல்லையும் வாலையும் பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு கோப்பைத் திறந்தார்.

"மாற்றப் படிவத்தில் ரோசலின் என்றும் இருக்கிறது, சுப்பிரண்டன் முத்திரையும் இருக்கிறது. எங்கள் ஆட்கள் முத்திரையை எடுத்துக்கொண்டார்கள். இந்த நாய் தோட்டத்துடையதா, அவருடையதா என்று தோட்டம் எப்போதாவது எழுத்தில் சொல்லியிருக்கிறதா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

சுதர்சன் பட்டியலை நீட்டினார். பெண்மணி விரலால் தடவிக்கொண்டு போய், குடை தாங்கிக்கு மேலே நிறுத்தித் தலையாட்டினார். துரை ரோசலினைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளை உள்ளே துரத்தியது.

எழுத்தில். தோட்டம் எழுத்தில் சொன்னது. ரோசலின் மாதா படத்தைக் கழற்றினாள். படத்தைக் கட்டிலில் போட்டாள். நாலாக மடித்த காகிதத்தைக் கொண்டு வந்து பெண்மணியிடம் கொடுத்துவிட்டு நின்றாள்.

"தொரைக்கும் கேக்குற மாதிரி தமிழ்ல உள்ளத வாசிங்க மொதலாளி" என்றாள் நுஹ்மானிடம்.

நுஹ்மான் எட்டிப் பார்த்து, சந்தையில் ஏலம் கூறுகிற குரலில் வாசித்தார்.

"உமது நாய் எமது நாற்றுமேடைக்குள் புகுந்து பாரிய சேதம் விளைவித்துள்ளது. உமது நாய்க்கான முழுப் பொறுப்பும் உம்மையே சாரும். இந்த நாய்க்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. சேதம் உமது சம்பளத்தில் அறவிடப்படும்."

கீழே கையெழுத்து. அதன்மேல் முத்திரை. அதே முத்திரைதான்.

பெண்மணி இங்கிலீஷில் இருந்ததை வாசித்துவிட்டு, காகிதத்தைத் துரையிடம் திருப்பிக் காட்டி, இது யாருடைய கையெழுத்து என்று கேட்டார். துரை குனிந்து பார்த்தார். மாதாமாதம் சுதர்சன் வைக்கிற குவியலில், புள்ளடி போட்ட இடத்திலெல்லாம் வாசிக்காமல் போட்ட கையெழுத்துகளில் அதுவும் ஒன்று.

"என்னுடையதுதான்" என்றார்.

அதுவரை வாய்க்குள் அடக்கி வைத்திருந்தது ரோசலினுக்கு வெடித்துக்கொண்டு வந்தது.

"நாத்த மிதிச்சப்ப என் நாய்ங்க. சம்பளத்துல புடிச்சப்ப என் நாய்ங்க. குட்டி போட்டதும் ஒங்க நாயாயிருச்சா தொரை? நாங்களும் அப்பிடித்தானுங்களே. ஓட்டு கேக்குறப்ப எங்கள தேடி வாறாங்க, வீடு கேட்டா தொரைகிட்ட கேளுங்கிறாங்க. எம்மகளுக்கு வந்த கடிதாசியும் ஒங்க பேருலதான் வந்துச்சு. அவ வாழ்க்கைய ஒங்க லாச்சிக்குள்ள வச்சு பூட்டுனீங்க. நான் ஒரு வார்த்த கேக்கல. இந்த நாய விடமாட்டேன். வேணும்னா அந்த வடிகட்டிய நல்லா பாத்துக்குங்க."

கட்டிலுக்கடியில் குட்டிகள் பால் குடிக்கும் சத்தம் கேட்டது. துரை கடிதத்தைச் சுதர்சன் கையில் திணித்தார். பெண்மணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கந்தோரின் தவறு, தோட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை என்றாராம். ஜீப் ஏறிப் போய்விட்டார். ரோசலினிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு படிவம் இருந்திருந்தால் ஒருவேளை கையெழுத்துப் போட்டிருப்பார். சுதர்சன் பட்டியலை மடித்துக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் நடந்தார்.

பெண்மணி ரூபிக்குப் புதிய சான்றிதழுக்கும் ஆறு குட்டிகளுக்கும் படிவங்களை எடுத்துத் தன் முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தார். உரிமையாளர் ரோசலின் என்று இங்கிலீஷில் பெரிய எழுத்தில் எழுதி, அவளிடம் திருப்பிக் காட்டினார். ரோசலின் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். அந்த ஏழெட்டு எழுத்து மட்டும் அவளுக்குத் தெரியும். சம்பளச் சீட்டில் பார்த்துப் பழக்கம்.

"விலாசம்? கேர் ஒஃப் சுப்பிரண்டன்தானே?" என்று கேட்டபடி பெண்மணி எழுதப் போனார்.

"வேணாம் மிஸ்!" ரோசலின் பேனாவையே பிடித்துவிட்டாள். "நாலாம் நம்பர் லயம், ஆறாம் காம்பரான்னு எழுதுங்க. அவ்வளவுதான்."

"அப்படிப் போட்டால் தபால் இங்கே வருமா?"

"வராது மிஸ்" என்றாள் ரோசலின். "நீங்க வச்சிருங்க. பஸ்ஸேறி கொழும்புக்கு நானே வந்து கையில வாங்கிக்கிறேன்."